அப்பாவின் உடலைக் கல்லூரிக்குக் கொடுத்தோம். திதி எங்கே கொடுப்பது?

கோவில்பட்டி_சைக்கிள் · ஜனவரி 9, இரவு 10:40

இங்கே மருத்துவக் கல்லூரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். தவறாக இருந்தால் நீக்கிவிடுங்கள்.

அப்பா போன மாசியில் தவறிவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் தபால்காரர். 2011-ல் ஊருக்கு ஒரு கண் மருத்துவ முகாம் வந்தது. கண்ணாடி வாங்கப் போன மனுஷன் கண்தானப் படிவத்தையும் உடல்தானப் படிவத்தையும் வாங்கி வந்தார். ஒரு வாரம் வைத்து வாசித்தார். அப்புறம் என்னையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அம்மா கைநாட்டு. "மேல் விலாசம் சரியா எழுதியாச்சு, இனி கொண்டுபோய்ச் சேர்க்கறது உங்க வேலை" என்றார்.

சேர்த்துவிட்டோம். விடிகாலை ஐந்து மணிக்கு உயிர் போனது. எட்டு மணிக்குள் கண்ணை எடுத்துவிட்டார்கள். பதினொன்றரைக்கு வண்டி கிளம்பியது. நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டியது வரைக்கும்தான் எங்கள் வழக்கம் நடந்தது. கொள்ளிக்குடம் உடைக்கவில்லை, காடாத்து இல்லை. பெரியப்பா அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். இன்று வரை பேச்சில்லை.

இப்போது வருஷத் திதி வருகிறது. அம்மா தினமும் ஒரே கேள்வி: "சாம்பலும் இல்லை, புதைச்ச இடமும் இல்லை. எங்கே போய்க் கும்பிடுறது?" எனக்கு வேறொன்று. இந்த ஒரு வருஷம் அவரை வைத்து யாரோ பத்துப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அவர்களைப் பார்க்க முடியுமா? பார்க்கலாமா? உள்ளே என்னதான் நடக்கும்?

(இந்த இடத்தில் கல்லூரியின் பெயரும் அப்பாவின் உடலில் இருந்த ஓர் அடையாளமும் இருந்தன. நீக்கியிருக்கிறேன். காரணம் நான்காம் பதிவில். – மட்டுறுத்துநர்)

சும்மா_ஒருத்தன் · ஜனவரி 9, இரவு 11:02

உங்க அப்பாவுக்கு ஒரு கும்பிடு. "மேல் விலாசம்" என்று சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஐஸ்_பெட்டி · ஜனவரி 10, காலை 6:15

உங்களுக்கு வண்டியாவது வந்ததே. எங்கள் அம்மாவும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். இராத்திரி பதினொரு மணிக்கு இறந்தார். படிவத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. காலையில் எடுத்தவர், துறைக்கு ஆள் பத்து மணிக்குத்தான் வருவார்கள் என்றார். பத்து மணிக்கு வந்தவர், வீட்டில் இறந்தவர் என்றால் மருத்துவர் சான்றிதழ் வேண்டும் என்றார். எங்கள் தெருவில் அதை எழுதித்தர யாரும் முன்வரவில்லை. ஒருவர் "போலீஸுக்குச் சொல்லிடுங்க, போஸ்ட்மார்ட்டம் பண்ணிக்கலாம்" என்று வழி சொன்னார். போஸ்ட்மார்ட்டம் செய்த உடலைக் கல்லூரியில் வாங்க மாட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் மாலை நாலு மணிக்கு மின்மயானம்.

கல்லூரி பெயர் சொல்லப் போவதில்லை. கொடுக்கிறேன் என்று நிற்பவரை அலைய விடக்கூடாது, அவ்வளவுதான். அம்மாவின் கடைசி ஆசையை நான் நிறைவேற்றவில்லை என்பது போலவே இன்னும் இருக்கிறது.

பதினெட்டு_வருஷ_அனாடமி · ஜனவரி 10, மதியம் 1:30

நான் உடற்கூறியல் துறையில் பாடம் எடுப்பவள். முதலில் மட்டுறுத்துநருக்கு: இழை தொடங்கியவர் கல்லூரி பெயரையும், அப்பாவின் உடலில் பார்த்தவுடன் தெரியும் ஓர் அடையாளத்தையும் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இரண்டையும் எடுத்துவிடுங்கள். இங்கே முதலாமாண்டுப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். நாளைக் காலை எப்போதும்போல மேசைக்குப் போகும் ஒரு பையனுக்கு, இவர்தான் கோவில்பட்டி தபால்காரர் என்று தெரிந்துவிட்டால் அவன் கை எப்படி ஓடும்? மாணவர்கள் முன்னால் பெயரை வைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். காலில் ஓர் எண் அட்டை மட்டும் இருக்கும். பெயர் பதிவேட்டில் இருக்கும், பதிவேடு துறைத்தலைவர் அலமாரியில் இருக்கும்.

சரி, சைக்கிள் தம்பி கேட்டதற்கு வருகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை, ஆனால் வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

உடல் வந்ததும் தாள்களைச் சரிபார்ப்போம். குளிப்பாட்டி, தலைமுடியை மழித்துவிடுவோம். பிறகு கழுத்திலோ தொடையிலோ ஒரு தமனியைத் திறந்து, அதன் வழியாகப் பதப்படுத்தும் திரவத்தை ஏற்றுவோம். ஃபார்மலின், ஆல்கஹால், கிளிசரின் எல்லாம் கலந்தது. சில இடங்களில் பம்பு. எங்களிடம் பழைய முறைதான்: கலனை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் தானாகவே இறங்கும், சலைன் ஏற்றுவது மாதிரி. ஏறக்குறைய பத்து லிட்டர் போகும், மணிக்கணக்கில் ஆகும். இரத்தம் ஓடின அதே பாதையில் அது ஓடி விரல் நுனி வரை போய்ச் சேர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நகத்தடி நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடுவார் எங்கள் அட்டெண்டர். எனக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை. அதன் பிறகு சில மாதம் தொட்டியில். மாசியில் வந்தவர் என்றால் புது பேட்ச் வரும்போதுதான் மேசைக்கு வந்திருப்பார்.

ஐஸ்_பெட்டி, உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். படிவம் பீரோவுக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடும்ப மருத்துவர் ஒருவரைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அவர் கையெழுத்துத்தான் வேலைக்கு ஆகும். இறந்தவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் குடும்பம் சம்மதித்தால் கொடுக்கலாம். போட்டிருந்தாலும் குடும்பம் மறுத்தால் யாரும் வந்து தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். கண்ணைக் கொடுத்த பிறகும் உடலை வாங்கிக்கொள்வோம். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மூளைச்சாவில் மற்ற உறுப்புகளை எடுத்திருந்தால் பொதுவாக வாங்குவதில்லை, திரவம் போக வேண்டிய குழாயெல்லாம் வெட்டுப்பட்டிருக்கும். மஞ்சள்காமாலை வைரஸ், எச்ஐவி, காசநோய் இருந்தாலும் கிடையாது.

மாணவர்களைப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு எனக்கே இரண்டு மனம். யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல்_வருசம் · ஜனவரி 10, இரவு 9:48

மேடம், நான் ஃபர்ஸ்ட் இயர். வேற காலேஜாகவும் இருக்கலாம், அந்தக் காலேஜாகவே கூட இருக்கலாம். பெயரை எடுத்தது நல்லதுதான், நான் அதற்கு முன்னால் வாசிக்கவில்லை.

அண்ணா, உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். என் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். முதல் நாள் டிஸெக்‌ஷன் ஹாலுக்குப் போகும் முன்னால் எல்லோரையும் வராந்தாவில் நிற்க வைத்து உறுதிமொழி சொல்ல வைத்தார்கள். இங்கிலீஷில். மேசையில் இருப்பவர்தான் எங்கள் முதல் ஆசிரியர், அவரை மரியாதையாக நடத்துவோம், படம் எடுக்க மாட்டோம், கேலி பேச மாட்டோம் என்று. எனக்குப் பாதி புரிந்தது, ஆனால் தொண்டை அடைத்தது. உள்ளே போனதும் கண்ணில் நீர் கொட்டியது. அழுகை இல்லை, ஃபார்மலின். பக்கத்தில் நின்ற பொண்ணுக்கும் அப்படித்தான். யார் அழுகிறார்கள், யாருக்குக் கண் எரிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, அது ஒரு வசதி.

எங்கள் மேசைக்குப் பத்துப் பேர். கையில் ஆரம்பித்தோம். கைப்பாடம் நெஞ்சிலிருந்துதான் தொடங்கும், அதனால் நெஞ்சுத் தோலில் முதல் வெட்டு. யார் கத்தி பிடிப்பது என்று பத்துப் பேரும் தரையைப் பார்த்தோம். கடைசியில் ஒரு பெண் பிடித்தாள். முகத்தை மூடியிருந்தது. கழுத்துக்கு மேலே கடைசியில்தான் வரும் என்றார்கள், அதனால் நாங்கள் இன்னும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நன்றாகத் தெரியும். மூன்று மாதம் அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன் அண்ணா. எங்கள் அப்பா கையைக் கூட அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

இன்னொன்று சொன்னால் தப்பாக நினைக்க வேண்டாம். ஹாலை விட்டு வெளியே வந்தால் பசி பயங்கரமாக எடுக்கும். எல்லோருக்கும்தான். முதல் வாரம் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கோவில்பட்டி_சைக்கிள் · ஜனவரி 10, இரவு 10:20

தம்பி, அப்பா இருந்திருந்தால் "நல்லாச் சாப்பிடுங்கப்பா" என்றுதான் சொல்லியிருப்பார். தபால் கொடுக்கப் போகிற வீட்டில் பழைய சோறு இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள்.

டிஜிட்டல்_தமிழன் · ஜனவரி 11, காலை 9:05

கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். இப்போதுதான் பெரிய தொடுதிரை மேசை வந்துவிட்டதே, விரலால் தேய்த்தால் தோல் விலகும், தசை விலகும். நிஜ உடம்பு இன்னும் எதற்கு? ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமையே 2004-ல் சொல்லிவிட்டது. பிள்ளைகள் அதை மூன்று மாதம் மூச்சில் இழுக்க வேண்டுமா?

பதினெட்டு_வருஷ_அனாடமி · ஜனவரி 11, மாலை 5:50

கோபமில்லை. ஃபார்மலின் விஷயம் உண்மை, காற்றோட்டம் எங்கள் ஹாலில் போதாது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர் தீல் கண்டுபிடித்த முறையில் ஃபார்மலின் மிகக் குறைவு, உடல் வளையும், நிறமும் மாறாது. செலவுதான் கட்டுப்படியாகாது.

தொடுதிரை மேசை எங்களிடமும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதில் இருப்பவர் எப்போதும் ஒரே ஆள். எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் நுனியில் தொட்டுக்கொண்டு மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் ஒரு நரம்பு மாதிரி துருத்திக்கொண்டு எழும். நரம்பில்லை, பால்மாரிஸ் லாங்கஸ் என்கிற தசையின் நாண். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் ஒரு குறையும் இல்லை. அறுவை மருத்துவர்கள் வேறு விரலுக்கு நாண் வைத்துத் தைக்க வேண்டுமானால் முதலில் இதைத்தான் எடுப்பார்கள். இருக்கும் என்று நம்பி வெட்டி, உள்ளே இல்லையென்றால்? புத்தகத்தில் இருப்பது மனிதனில் இல்லாமல் போகலாம் என்பதைக் கை தெரிந்துகொள்ள வேண்டும். மேசைக்கு மேசை நடந்து பார்க்கும் பிள்ளைக்கு அது தானாகத் தெரிந்துவிடும்.

சும்மா_ஒருத்தன் · ஜனவரி 11, மாலை 6:04

எனக்கு வலது கையில் இருக்கிறது, இடது கையில் இல்லை! நாற்பத்தாறு வருஷமாகத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

டிஜிட்டல்_தமிழன் · ஜனவரி 11, மாலை 6:31

இரண்டு கையிலும் இல்லை. வாபஸ் வாங்குகிறேன்.

பினாங்குக்காரி · ஜனவரி 12, காலை 7:40

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். மாணவர்களைப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று சொல்லலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012-லிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. தைவானில் சூ சி என்கிற பௌத்த அமைப்பின் கல்லூரியில் தொடங்கியது. உடல் கொடுத்தவரை "மௌன ஆசான்" என்பார்கள். ஃபார்மலின் கிடையாது, உறைநிலையில் வைப்பார்கள். அறுவைப் பயிற்சி சில நாள்தான். அதற்கு முன்னால் மாணவர்கள் இறந்தவரின் குடும்பத்தைச் சந்திப்பார்கள். என்ன வேலை பார்த்தார், எதற்குக் கோபப்படுவார், என்ன சாப்பிடுவார் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பயிற்சி தொடங்கும் நாளில் குடும்பத்தார் முன்னாலேயே அவருடைய படத்தைத் திரையில் போட்டு அவர் கதையைச் சொல்வார்கள். முடிந்த பிறகு தைத்து, உடை உடுத்தி, குடும்பத்தோடு சேர்ந்து வழியனுப்புவார்கள்.

என் தோழியின் மாமியார் அப்படிப் போனவர். வீட்டுக்கு வந்த பையன், "பாட்டிக்கு ஏன் வலது தோள் இறங்கியிருக்கு?" என்று கேட்டானாம். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி சுமந்த தோள். தோழி சொல்லிச் சொல்லி அழுதாள், ஆனால் அது துக்க அழுகை இல்லை.

தாய்லாந்திலும் இப்படித்தான், "ஆஜான் யாய்" என்பார்கள். பெரிய ஆசிரியர் என்று அர்த்தம். ஆக, பெயர் தெரிந்தால் கை ஓடாது என்று அக்கா சொல்வது எல்லா ஊருக்கும் பொருந்தாது போலிருக்கிறது.

பதினெட்டு_வருஷ_அனாடமி · ஜனவரி 12, இரவு 8:15

படித்தேன். இரண்டு மனம் என்று சொன்னது இதனால்தான். அங்கே சில நாள், தைத்து மூடி அனுப்பிவிடுகிறார்கள். இங்கே எட்டு ஒன்பது மாதம், கடைசியில் தைக்க எதுவும் இருக்காது. பெயர் தெரிந்தவரை அப்படிப் பிரித்துக்கொண்டே போக பதினெட்டு வயசுக்கு முடியுமா என்பதுதான் என் பயம். ஆனால் வருஷக் கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, குடும்பத்தைக் கூப்பிட்டு நன்றி சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. 2019-ல் வந்த புதுப் பாடத்திட்டத்திலேயே "முதல் ஆசிரியர்" என்று தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். பல கல்லூரிகள் இப்போது செய்கின்றன. சைக்கிள் தம்பி துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். மின்னஞ்சல் வேண்டாம், தபாலில் போடட்டும். அப்பாவுக்கு அதுதானே பொருத்தம்.

இரவுப்_பணி · ஜனவரி 13, அதிகாலை 3:20

ஹவுஸ் சர்ஜன். லேபர் வார்டில் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தது, முழு இழையையும் வாசித்தேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் பேட்ச் முடிந்தபோது ஒரு விழா நடந்தது. டீன் வந்தார், குத்துவிளக்கு, ரோஜாப்பூ, கொடையாளர் குடும்பங்கள் மூன்று வந்திருந்தன. ஆளுக்கு ஒரு சால்வை, ஒரு சான்றிதழ். நல்ல விழாதான். ஆனால் எங்கள் ஹாலில் இருந்த மேசைகள் மூன்று இல்லை. மீதி மேசைகளில் இருந்தவர்களுக்கு யார் வந்தது? அவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் இறந்து, சொந்தம் என்று யாரும் வராததால் சட்டப்படி வந்தவர்கள். 1951-லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. அவர்கள் படிவம் வாசிக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. நான் படித்தது அப்படி ஒருவரிடம். ஈரலில் கட்டி கட்டியாக இருந்தது, உள்ளங்கால் கல் மாதிரி. எங்கோ நடந்தே வாழ்ந்த ஆள். அன்றைக்கு மேடையில் ஒருவரும் அவரைச் சொல்லவில்லை.

சைக்கிள் அண்ணன் மேல் வருத்தமில்லை. அவர் அப்பா பெரிய மனுஷன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். கேட்காமல் எடுத்துக்கொண்டவர்களுக்கு நாம் இன்னும் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும், அவ்வளவுதான். வார்டில் கூப்பிடுகிறார்கள்.

பழைய_பேப்பர் · ஜனவரி 13, காலை 10:30

இரவுப்_பணி சொன்னது இன்றைக்கு நேற்றுப் பிரச்சினை இல்லை. எடின்பரோவில் 1828-ல் பர்க், ஹேர் என்று இருவர் பதினாறு பேரைக் கொன்று உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். அதற்குப் பிறகுதான் 1832-ல் பிரிட்டனில் சட்டம் வந்தது. என்ன சட்டம்? உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடலை எடுத்துக்கொள்ளலாம் என்று. திருட்டும் கொலையும் நின்றது, ஆனால் மேசையில் படுப்பவர் யார் என்பது மாறவில்லை. நம்ம சட்டமும் அந்தச் சட்டத்தின் வாரிசுதான்.

நம்ம பக்கம் தொடக்கமே வேறு சிக்கல். 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தில் கத்தி வைத்தபோது அதுவே ஊர்ப்பேச்சு. தொட்டாலே தீட்டு என்ற ஊரில் ஒரு வைத்தியர் குடும்பத்து ஆள் அதைச் செய்தார். கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று கதை சொல்வார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி அதற்கு முந்தைய வருஷம்தான் தொடங்கியது.

கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் காலத்துப் பழக்கம். அரசியல்காரர்களில் ஜோதிபாசு 2010-ல் கொடுத்தார், சீதாராம் யெச்சூரி 2024-ல். எழுத்தாளர் ஞாநி 2018-ல் இறந்தபோது அவர் உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனது. 2022-ல் ஒரே நாளில் பதினொரு புது அரசுக் கல்லூரிகள் திறந்தார்கள். விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் என்று. அத்தனை ஹாலுக்கும் ஆள் வேண்டும். கொடுப்பவர்கள் கூடினால்தான் கேட்காமல் எடுப்பது குறையும்.

ஸ்ரீவைகுண்டம்_தாத்தா · ஜனவரி 14, காலை 5:10

பேரன் தட்டச்சு செய்து தருகிறான். அந்தத் தம்பியின் அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

உடல் இல்லாமல் காரியம் செய்வது நமக்குப் புதிது இல்லை. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, பர்மாவுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் என்ன செய்தார்கள்? தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் செய்தவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம் என்பவர்கள் ஆற்றில் முழுகி எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். திதிக்கு வேண்டியது பெயரும் நாளும்தான். சாம்பலைக் கேட்பதில்லை. பாபநாசத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாமிரபரணித் தண்ணீரில் நின்றுகொண்டு யாருக்கு விட்டாலும் போய்ச் சேரும்.

பெரியப்பாவையும் கூப்பிடுங்கள். வரமாட்டார். இருந்தாலும் கூப்பிடுங்கள்.

முதல்_வருசம் · ஜனவரி 14, இரவு 11:30

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து கை கழுவிவிட்டு, "அந்தாளு கை எப்படி இருக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். எங்கள் அப்பா கல் உடைக்கிற வேலை. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

இரவுப்_பணி அண்ணன் எழுதியதை வாசித்த பிறகு எங்கள் மேசையில் இருப்பவர் கையெழுத்துப் போட்டவரா இல்லையா என்று அட்டெண்டரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். இங்கிலீஷ் வராமல் நான் முழித்தபோது தசை பேரெல்லாம் தமிழில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கேட்டால் சொல்லிவிடுவார். கேட்கவில்லை. எதுவாக இருந்தால் என்ன செய்யப் போகிறேன்?

கோவில்பட்டி_சைக்கிள் · மார்ச் 3, இரவு 9:15

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடி கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். பதினாறு நாள் கழித்துப் பதில் வந்தது, துறைத்தலைவர் கையெழுத்தோடு. பேட்ச் முடிந்ததும் நிகழ்ச்சி உண்டு, கூப்பிடுகிறோம், இப்போது துறைக்கு வேண்டுமானால் வந்து போகலாம், ஹாலுக்குள் அனுமதி இல்லை என்று. சரியான பதில் என்றே பட்டது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். துறைத்தலைவர் அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். அவர் நல்லபடியாகப் பேசினார், ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வராந்தாதான். ஹால் கதவு சாத்தியிருந்தது. வெளியே சுவரோரம் ஆணி வரிசை, அதில் வெள்ளைக் கோட்டுகள். ஒவ்வொன்றிலும் மார்புப் பக்கம் எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் கறை. கீழே செருப்புகள். கோவில் வாசல் மாதிரி இருந்தது. அம்மா என்ன நினைத்தாரோ, தன் செருப்பையும் கழற்றி அந்த வரிசையில் விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள், கையுறையோடு. எங்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அம்மா, "படி தாயி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அட்டெண்டர் வாசல் வரை வந்தார். "மாசியில வந்த பெரியவர்தானே?" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. "கெண்டைக்கால் இரும்பு மாதிரி" என்று மட்டும் சொன்னார். முப்பத்தெட்டு வருஷ சைக்கிள். அக்கா கோபப்பட வேண்டாம், அது என்னோடு இருக்கட்டும்.

நேற்று பாபநாசத்தில் திதி. பெரியப்பா வந்தார்! துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளியே நின்றார், இலைக்கு மட்டும் வந்து உட்கார்ந்தார். ஐயர் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்லி, அப்பா, தாத்தா, பூட்டன் பெயரெல்லாம் முடிந்த பிறகு, "வேற யாருக்காவது?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டு, "அங்க இவரோட கூட இருக்கவங்களுக்கும் விடணும்" என்றார். இரவுப்_பணித் தம்பி எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டியிருந்தேன். ஐயர் கேட்டார்: "பேரு?" தெரியாது என்றோம். "ஆளே இல்லாதவாளுக்குன்னு ஒண்ணு இருக்கு, விட்டுடலாம். எத்தனை பேரு?"

அதுவும் தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்தார், நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பொதுவாக விட்டுவிட்டு வந்தோம். அம்மாவுக்கு மட்டும் அது குறையாகவே இருக்கிறது. "கேட்டு வச்சுக்கோ, அடுத்த வருஷம் சரியா விடுவோம்" என்கிறார். ஒரு ஹாலில் எத்தனை மேசை இருக்கும்?

முதல்_வருசம் · மார்ச் 3, இரவு 9:32

எங்கள் ஹாலில் பதினைந்து, அண்ணா.

இரவுப்_பணி · மார்ச் 4, அதிகாலை 2:10

எங்களுடையது ஒன்பது. பத்தாவது மேசைக்குக் கால் ஆடும், அதில் எலும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியில் இருப்பவரையும் சேர்த்தால் பத்து.